கடல் இல்லாத பரலோகம்

நான் அதிகம் பேசமாட்டேன். தொழில் அப்படி.

எங்கள் தொழில் கையால் இறால் பிடிப்பது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். விரலில் இறால் பட்டால் அமுக்கி எடுத்துப் பறியில் போடுவோம். பறி என்றால் பனை ஓலையில் முடைந்த பை. இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பறியை எதில் பிடிப்பது? வாயில்தான். அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டால் தாடைக்குக் கீழே மிதந்தபடி கூடவே வரும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் இப்படி. வாயில் பறி இருக்கும்போது பேச முடியாது. கரைக்கு வந்தால் பேசலாம். ஆனால் தாடை வலிக்கும்.

என் வீட்டுக்காரர் எப்போதும் எனக்கு இடது பக்கம் வருவார். ஒரு கை நீளம் தள்ளி. முப்பத்தொரு வருஷம் அப்படி. அவர் வாயிலும் பறி. சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் அமையவில்லை.

மூன்றாம் வகுப்புவரை படித்தேன். எழுதத் தெரியும். எழுத இதுவரை எதுவும் இருந்ததில்லை.

ஏரிக்கரையில் தோணிரேவு என்கிற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீடுகள் இருக்கின்றன. அங்கே தகர ஷீட் போட்ட ஒரு ஜெபக்கூடம். ஒருநாள் மழைக்கு அதில் ஒதுங்கினேன். ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் வெளியே வரவில்லை.

அன்றைக்குப் பாஸ்டர் பரலோகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே அழுகை இல்லை, நோவு இல்லை, சாவு இல்லை. எந்நேரமும் சந்தோஷம், எந்நேரமும் பாட்டு, அதற்கு முடிவே கிடையாது என்றார். எனக்கு அந்த முடிவே கிடையாது என்பது பிடித்தது. ஏரியில் எல்லாவற்றுக்கும் முடிவு உண்டு. இறால் கொஞ்ச நாள், நண்டு கொஞ்ச நாள். கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரம் மண் அடைத்துக்கொண்டால் எதுவும் இல்லை. முடியாத ஒன்று இருக்கிறது என்று ஒருத்தர் வந்து சொன்னால் உட்கார்ந்து கேட்கத்தானே வேண்டும்.

பாட்டுதான் எனக்கு வரவில்லை. ஏழு வருஷமாக உதட்டை மட்டும் அசைப்பேன். தொண்டைக்குப் பழக்கம் இல்லை.

என் வீட்டுக்காரர் ஜெபக்கூடத்துக்கு வந்ததில்லை. கோயிலுக்கும் போனதில்லை. கோயிலில் தேங்காய் கொடுத்தால் தின்பார். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தாலும் தின்பார்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர்.

"இன்னா தண்ணி டாக்டர்? உப்பா, நல்ல தண்ணியா?" என்று கேட்டார் இவர்.

டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. எந்தத் தண்ணீர் என்று தெரிந்தால் அது எந்தப் பக்கமாக உள்ளே வந்தது என்று தெரியும். அதற்காகக் கேட்டார்.

இருதயமும் கெட்டுவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரை கொடுங்கள், இனிமேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார் டாக்டர்.

"எத்தினி நாளுக்கு?" என்றார் இவர்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். எத்தனை நாள் உயிரோடு இருப்பேன் என்று கேட்கிறார் என நினைத்துவிட்டார். இவர் கேட்டது எத்தனை நாள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதனால் நான் எதையும் விளக்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். வேலிகாத்தான் மர நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டேன். ஏரியைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் தனியாக இறால் பிடிக்கப் போய்வந்தேன். இடது பக்கம் காலியாக இருந்தது. முதல் நாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. நான் பரலோகம் போவேன். பாஸ்டர் அப்படித்தான் சொல்கிறார், நானும் நம்புகிறேன். இவர் அங்கே வராவிட்டால் முடிவே இல்லாத காலத்துக்கு என் இடது பக்கம் இப்படித்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன்.

"யோவ், ஞானஸ்நானம் எடுத்துக்கோய்யா."

"இன்னாத்துக்கு?"

"நான் போற எடத்துக்கு நீயும் வரணும்."

"நீ எங்க போற?"

"மேல."

"மொதல்ல போறது நானு. நீ எனக்கு வழி சொல்றியா?"

அதுவும் சரிதான். பாஸ்டரை வரச் சொன்னேன்.

பாஸ்டர் பொன்னேரிக்கு அந்தப் பக்கத்து ஆள். வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவர். பைக்கில் வருவார். நல்ல மனுஷர். தண்ணீர் என்றால் மட்டும் பயம். ஏரி ஓரமாக நடந்தால்கூட என்னைத் தண்ணீர்ப் பக்கம் விட்டுவிட்டு அவர் மேட்டுப் பக்கம் வருவார்.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். என் ஓரகத்தி, அதாவது இவருடைய தம்பி பெண்சாதி, பக்கத்திலேயே உட்கார்ந்து நண்டைப் பெரிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாரியம்மன்தான். ஆனால் எங்கே பேச்சு நடந்தாலும் அங்கே இருப்பாள்.

"பிரதர், அங்க தெருவெல்லாம் தங்கம்" என்று ஆரம்பித்தார் பாஸ்டர்.

"வெயில்ல காலு சுடாது?"

"அங்க வெயிலே இல்ல பிரதர். சூரியனே தேவையில்ல. கர்த்தரே வெளிச்சம்."

"அப்ப கருவாடு எப்பிடிக் காயும்?" என்றாள் ஓரகத்தி.

பாஸ்டர் அவளைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். "வாசல் பன்னெண்டு பிரதர். ஒவ்வொரு வாசலும் ஒரே முத்து."

இவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அந்த வாரத்தில் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"ஒரே முத்தா?"

"ஒரே முத்து."

"ஆளு நொழையற மாதிரி?"

"ஊரே நுழையலாம் பிரதர்."

"அந்தச் சிப்பி எவ்ளோ பெருசு இருக்கணும்!" என்றார் என்னிடம். பிறகு பாஸ்டரிடம், "அது கெடந்த கடலு எவ்ளோ ஆழம் இருக்கும்?" என்றார்.

பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். ஆள் கவனித்துக் கேட்கிறார் அல்லவா. அந்தச் சந்தோஷத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"அங்க கடல் இருக்காது பிரதர். அப்படித்தான் எழுதியிருக்கு."

இவர் பாஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படுத்துக்கொண்டு முகத்தை ஏரிப் பக்கம் திருப்பினார்.

"அப்ப நான் வர்ல" என்றார்.

"பிரதர், கடல்னா அங்க என்ன அர்த்தம்னா... புயல், பயம், சாவு. அதெல்லாம் இனிமே இல்லன்னு..."

"பயம் உங்களுக்கு. எனக்கு இன்னா?" முகத்தைத் திருப்பாமலே பேசினார். "கடல் போனா மொகத்துவாரம் போச்சு. மொகத்துவாரம் போனா ஏரி போச்சு. ஏரியே இல்லாத ஊர்ல நான் நின்னுகினு இன்னா பண்றது?"

"துதிக்கலாம் பிரதர். பாடலாம்."

"அத்த அவ பண்ணுவா."

"அக்காவா? அக்கா பாடினா மேல கீறவங்கல்லாம் கீழ எறங்கி வந்துடுவாங்க" என்றாள் ஓரகத்தி.

பாஸ்டருக்கு டீ கொடுத்து அனுப்பினேன். அவர்மேல் எனக்குக் கோபம். பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்தக் கடல் விஷயத்தில் சும்மா இருந்திருக்கலாம். நான் எத்தனை விஷயத்தில் சும்மா இருக்கிறேன்.

ஓரகத்தி நண்டு விற்கப் போன இடமெல்லாம் சொல்லிவிட்டாள். இரண்டே நாளில் ஏரியைச் சுற்றித் தெரிந்துவிட்டது. ஏரித் தீவான பசியாவரத்து ஆள் ஒருத்தர் படகில் போகிறபோது, "பாஸ்டர் ஊர்ல கடலு இல்லியாமே? மெய்யாலுமா?" என்று என்னைக் கேட்டார். என் வாயில் பறி இருந்தது. அது நல்லதாகப் போயிற்று. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஜெபக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த இரண்டு குடும்பம் அந்த ஞாயிறு வரவில்லை. அவர்கள் கடலில் ஃபைபர் படகு ஓட்டுகிறவர்கள். கடன் வாங்கி இன்ஜின் மாட்டியவர்கள். யோசிக்கத்தான் செய்வார்கள்.

அடுத்த வாரம் பாஸ்டர் பைக்கை நிறுத்துவதற்கு முன்பே கத்தினார்.

"பிரதர்! ஆறு இருக்கு!"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பைபிளைத் திறந்து அவரே படித்துச் சொன்னார். சிங்காசனத்திலிருந்து ஒரு ஆறு புறப்பட்டு வருகிறது. கண்ணாடி மாதிரி தண்ணீர். இரண்டு கரையிலும் மரம். மாதா மாதம் பழம்.

இவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்ததும், "எங்க போவுது?" என்றார்.

"எது பிரதர்?"

"ஆறு."

பாஸ்டர் பக்கத்தைத் திருப்பினார். "நகரத்து நடுவுல ஓடுது."

"அப்பால?"

பாஸ்டர் இன்னொரு தடவை படித்தார். உதடு மட்டும் அசைந்தது, நான் பாடுகிற மாதிரி. "அதுக்கு மேல எழுதல பிரதர்."

"யாரையாச்சும் கேளுங்க."

பாஸ்டர் பெரிய பாஸ்டருக்குப் போன் போட்டார். இவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். பரலோகத்து ஆறு எங்கே போய் விழுகிறது என்று கேட்டார். அந்தப் பக்கம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "தம்பி, உனக்கு உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டார் பெரிய பாஸ்டர். ஜெபக்கூட்டம் ஆரம்பிக்கப் போகிறது என்று போனை வைத்துவிட்டார்.

யாருக்கும் தெரியவில்லை என்று தெரிந்ததும் இவருக்குத் தெம்பு வந்தது. முதுகுக்குத் துணி மூட்டையை வைக்கச் சொல்லிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆறுன்னா எங்கியாச்சும் போய் விழணும். கடலு இல்ல. அப்ப இன்னா ஆவும்? தேங்கும். ஆரணியாறு தேங்கல? மொகத்துவாரம் அடைச்சிகினா நம்ம ஏரியில வந்து தேங்குதே, அதே மாதிரி. தேங்கினா ஏரி." பாஸ்டரைப் பார்த்தார். "அங்க ஏரி கீது. எழுதினவரு அந்தக் கோடி வரைக்கும் நடந்து போயிருக்க மாட்டாரு."

ஓரகத்தி விடவில்லை. "மாமா, தண்ணி தேங்கினா ஊரே முழுகிடும். தங்கத் தெருலாம் சேறாயிடும்."

"பன்னெண்டு வாசலு இன்னாத்துக்கு வெச்சிருக்காங்க?" என்றார்.

அவள் வாயை மூடினாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அவர் ரொம்ப நேரம் யோசித்தார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

"ஆனா உப்பு ஏறாது" என்றார். "கடலு இல்லாத ஏரி. வெள்ள எறா வராது. நல்ல தண்ணி எறாதான். ருசி கம்மி." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "பரவால்ல."

பரலோகத்தைப் பற்றி அவர் சொன்னது அது. பரவால்ல.

இதை விசுவாச அறிக்கையாக எடுத்துக்கொள்ளலாமா என்று பாஸ்டருக்குக் குழப்பம். நாற்காலியை இன்னும் கிட்டே போட்டுக்கொண்டார்.

"பிரதர், ஏரி இருக்கட்டும். இயேசுவை நம்பறீங்களா?"

"அவரு மீன்காரங்களோடதான சுத்திகினு இருந்தாரு?"

"ஆமா பிரதர்."

"ராத்திரி முச்சூடும் ஒண்ணும் கெடைக்காதவங்கள்ட்ட வலைய எந்தப் பக்கம் போடணும்னு சொன்னாரே? இவ சொல்லியிருக்கா."

"வலது பக்கம்."

"வந்துச்சா?"

"வலை கிழியாததே ஆச்சரியம் பிரதர்."

"அப்ப தண்ணி தெரிஞ்ச ஆளு." மூச்சு வாங்கினார். வாங்கிவிட்டுக் கேட்டார். "அது எப்ப? செத்து எழுந்து வந்த பெறவா, மின்னாடியா?"

"பிறகு பிரதர். உயிர்த்தெழுந்த பிறகு. அவங்க கரைக்கு வர்றதுக்குள்ள கரியில நெருப்பு மூட்டி மீன் சுட்டு வச்சிருந்தார். வாங்க சாப்பிடுங்கன்னார்."

இது எனக்கும் தெரியும். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு இவர் அதைக் கேட்ட மாதிரி நான் கேட்டதில்லை.

"செத்து எழுந்து வந்து, மொத வேலையா மீன் சுட்டாரா?"

"ஆமா பிரதர்."

"அவருகூட போலாம்" என்றார்.

ஞானஸ்நானத்துக்கு நாள் வைத்தோம். எங்கள் சபையில் ஏரியில் முக்கி எடுப்பதுதான் ஞானஸ்நானம். அப்புறம்தான் டாக்டர் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. எங்கள் பெரிய பெண்ணை எண்ணூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போனில் கத்தினாள்.

"அம்மா, நைனாவ தண்ணியில எறக்காத! டாக்டர் இன்னா சொன்னாரு?"

இவர் போனை வாங்கினார். "உங்கம்மா சாவறதுக்கு மின்னாடி முங்குன்றா. டாக்டர் முங்கினா செத்துடுவன்றாரு. ரெண்டு பேரும் ஒரே விசயத்தத்தான் சொல்றாங்கோ. நீ எதுக்குப் பேஜார் பண்ற?"

அந்தப் பக்கம் அவள் அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு அழுதாள்.

பாஸ்டர் வேறு வழி சொன்னார். இந்த நிலைமையில் கட்டிலிலேயே உட்கார வைத்துத் தலையில் இரண்டு கை தண்ணீர் ஊற்றினால் போதும், கர்த்தர் மனசைத்தான் பார்க்கிறார் என்றார்.

"பாஸ்டர்" என்றார் இவர், "உங்களுக்கு ஏரின்னா பயமா?"

"கொஞ்சம், பிரதர்."

"நான் கீறேன்" என்றார். நடக்க முடியாத மனுஷன்.

காலையில் காற்று விழுந்த நேரத்தில் போனோம். இவருடைய தம்பியும் இன்னொருத்தரும் கட்டிலோடு தூக்கிவந்து தண்ணீரில் இறக்கினார்கள். பாஸ்டரை நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

"காலத் தூக்கி வெக்காதீங்க பாஸ்டர். தேய்ச்சிகினே நடங்க."

"ஏன் சிஸ்டர்?"

"திருக்கை கெடக்கும். வால்ல முள்ளு. மிதிச்சா அடிக்கும்."

அங்கிருந்து இடுப்பளவு தண்ணீர் வருகிறவரைக்கும் பாஸ்டர் சத்தமாக ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார். கரையில் நின்றவர்கள் அதுவும் சடங்கில் சேர்த்தி என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

இவர் தண்ணீருக்குள் உட்கார்ந்ததும் மூச்சு வாங்குவது குறைந்தது. ஒரு மாதம் கழித்துத் தண்ணீர். என் இடது பக்கம் ஒரு கை நீளம் தள்ளி உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. அதுதான் அவர் இடம்.

பாஸ்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். இவர் ஆமாம் என்றார். பாஸ்டர் ஒரு கையை இவர் முதுகிலும் ஒரு கையை நெற்றியிலும் வைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொல்லி முக்கி எடுத்தார்.

மேலே வந்தபோது இவர் வாயில் ஒரு இறால் இருந்தது.

பல்லுக்கு நடுவில் கடித்திருந்தார். வால் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமென் சொல்லுங்க பிரதர்" என்றார் பாஸ்டர். அவர் கண்ணை மூடியிருந்தார்.

இவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? பறியை எடு என்று என்னைப் பார்த்தார். என்னிடம் பறி இல்லை. பறி இல்லாமல் நான் ஏரியில் இறங்கியது அன்றைக்குத்தான். முந்தானையை விரித்தேன். அதில் போட்டார்.

பாஸ்டர் கண்ணைத் திறந்து என் முந்தானையைப் பார்த்தார். முழுக்கு செல்லுமா செல்லாதா என்று அவருக்கே தெரியவில்லை போலும். ஆமென் வரவில்லையே. இன்னொரு தடவை செய்துவிடலாம் என்றார். இந்தத் தடவை இவருடைய கையைக் கட்டி நெஞ்சின்மேல் வைத்தார்.

"கையை எடுக்கக் கூடாது பிரதர்."

"செரி."

முக்கினார். தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தலை முங்கியதும் கை பிரிந்திருக்கும். மேலே வரும்போது கைக்கு ஒன்றாக இரண்டு இறால். ஆமென் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கை ஒரு இறாலை வாயில் கொடுத்துவிட்டது.

"பாஸ்டர்!" என்று கத்தினாள் ஓரகத்தி. "இன்னும் நாலு முங்கு முக்குங்க. கொழம்புக்கு ஆவும்!"

கரை முழுக்கச் சிரிப்பு. பாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "பிரதர், இப்ப நீங்க எதையும் பிடிக்க வேண்டாம். கர்த்தர் உங்களைப் பிடிக்கிறார். நீங்க சும்மா இருங்க, போதும்."

"நான் பிடிக்கல பாஸ்டர். கை பிடிக்குது" என்றார் இவர். அவருக்கும் வெட்கம். உதடு நீலமாக ஆரம்பித்திருந்தது.

இன்னொரு தடவைக்கு மேல் அவர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரில் போய் முட்டி போட்டேன். அவர் இரண்டு கையையும் என் இரண்டு கையால் பிடித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் ஒரே தண்ணீரில் இருந்தோம். தண்ணீருக்குள் கையைப் பிடித்ததில்லை. கை எப்போதும் சேற்றில்தானே இருக்கும்.

பாஸ்டர் முக்கினார். இவர் விரல் என் கைக்குள் தேடியது. என் விரலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. இறால் இல்லை என்று தெரிந்ததும் சும்மா ஆகிவிட்டது.

மேலே வந்தார். வாய் காலி.

"ஆமென்" என்றார்.

பாஸ்டர் அழுதுகொண்டே நீளமாக ஜெபித்தார். நானும் தலையைக் குனிந்திருந்தேன். என் கால் கட்டை விரலுக்கு அடியில் ஒரு நண்டு இருந்தது. ஜெபம் முடிகிறவரைக்கும் அமுக்கியே வைத்திருந்தேன். முடிந்ததும் குனிந்து எடுத்தேன். பாஸ்டர் பார்த்தார்.

மூன்று இறாலையும் அந்த நண்டையும் ஓரகத்தி குழம்பு வைத்தாள். இவருக்கு ஒரு இறால், பாஸ்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நண்டை அவளே தின்றாள். சமைத்தவளுக்கு உரிமை உண்டு என்றாள்.

அன்றைக்கு இவர் சாகவில்லை. மறுநாளும் சாகவில்லை. டாக்டர் சொன்னது பலிக்கவில்லை என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பாஸ்டர் தினமும் வந்தார். லைட்ஹவுஸ் குப்பத்து இரண்டு குடும்பமும் திரும்ப வந்துவிட்டதாகச் சொன்னார். பரலோகத்தில் ஏரி இருக்கிறதாமே என்று கேட்டார்களாம். தான் அப்படிச் சொல்லவில்லை என்றும், இல்லை என்றும் தான் சொல்லவில்லை என்றும் பதில் சொன்னாராம். பாஸ்டரும் சும்மா இருக்கப் பழகிவிட்டார்.

ஒருநாள் பாஸ்டர் பரலோகத்தில் நிற்கிற ஜனங்களைப் பற்றிச் சொன்னார். எண்ண முடியாத கூட்டம். எல்லோருக்கும் வெள்ளை அங்கி. எல்லோர் கையிலும் குருத்தோலை.

"இன்னா ஓலை?" என்றார் இவர். குரல் சின்னதாகியிருந்தது.

"குருத்தோலை. நம்ம ஈஸ்டருக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பிடிக்கிறோமே, அந்த மாதிரி."

"பனையா?"

"நம்ம ஜெபக்கூடத்துல பனைதான் பிரதர்."

"ஆளுக்கு எத்தினி?"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். "எழுதல பிரதர்."

"ஒண்ணு போதும்" என்றார். "குருத்துன்னா மெத்துனு இருக்கும். பல்லுக்கு நோவாது." என் பக்கம் திரும்பினார். "நீ வர்றதுக்குள்ள உனக்கு ஒரு பறி மொடைஞ்சி வெச்சிடறேன்."

"எனக்கு வாணாம். நான் அங்க பாடணும்."

"உனக்குத்தான் பாட வராதே."

"கத்துக்கறேன்."

"கத்துக்கோ." கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குக் கேக்கற மாதிரி பாடு. நான் பக்கத்துலதான் இருப்பேன்."

அதற்கு நாலு நாள் கழித்து உச்சி வேளையில் போனார். நான் பக்கத்தில் இருந்தேன். காலையிலிருந்து அவர் கை இரண்டும் கட்டில் கயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், மெதுவாக, ஒரு இடம் விடாமல். தண்ணீர் கொடுத்தேன். இறங்கவில்லை. அப்போது வலது கை நின்றது. விரல் மடங்கியது. கட்டை விரல் மேலே வந்து அமுக்கியது. கையை வாய்வரை தூக்கப் பார்த்தார். பாதி வழியில் நின்றுவிட்டது.

குளிப்பாட்டும்போது ஓரகத்தி அந்தக் கையை விரிக்கப் பார்த்தாள். வரவில்லை. வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். எண்ணெய் தடவிப் பார்த்தாள்.

"உடு" என்றேன். "அவுரு பிடிச்சிட்டாரு."

அவள் அழுதாள். என் ஓரகத்தி அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மூடிய கையோடுதான் புதைத்தோம். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஏதோ இருந்தது. வெறும் சேற்றை அப்படி அமுக்குகிற ஆள் இல்லை அவர்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஜெபக்கூடத்தில் ஆளுக்கு ஒரு பனங்குருத்து கொடுத்தார்கள். ஓரகத்தியும் வந்திருந்தாள். சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று வாசலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். எல்லோரும் ஓலையைத் தூக்கிப் பிடித்துப் பாடினார்கள். நானும் தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஓலை என் மடியில் இருந்தது. விரல் அதை ஈர்க்கிலிருந்து கிழித்து, மடித்து, குறுக்கே விட்டு முடைந்துகொண்டிருந்தது. நான் முடையவில்லை. கை முடைந்தது.

கை வேலையாக இருந்தது. வாய் காலியாக இருந்தது. அதனால் பாடினேன்.

எட்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த பாஸ்டர் சம்சாரம் திரும்பிப் பார்த்தார். யாரோ வாசலில் படகு இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாராம். ஓரகத்தி என் விலாவில் இடித்தாள்.

"அக்கா, மெதுவா. மாமாக்குக் காது நல்லாத்தான கேக்கும்."

நான் மெதுவாகப் பாடவில்லை. எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாதே.

பாட்டு முடிந்தபோது பறி பாதி ஆகியிருந்தது. "மீதியும் மொடைஞ்சிடுக்கா, எனக்குக் குடு" என்றாள் ஓரகத்தி. பாதியாகவே அவளிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒன்று அங்கே தயாராக இருக்கும்.